அவள் தோளில் தொங்கிய என் கமரா

இப்போது என்னிடம் இருக்கும் கமரா என் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிது. சட்டைப் பைக்குள் போட்டால் துணி கொஞ்சம் இழுபடும், அவ்வளவுதான். இதை வாங்கிய கதையை எழுதுவதானால் இதற்கு முன் இருந்த கமராவைப் பற்றி எழுத வேண்டும். அதைப் பற்றி எழுதுவதானால் அதைச் சுமந்தவர் யார் என்பதையும் எழுத வேண்டும். நான் சுமக்கவில்லை. என் மனைவி சுமந்தாள்.

வட்டுக்கோட்டையில் பௌதிகவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். வீடு மானிப்பாயில். ஓய்வு பெற்றுச் சில வருடங்களின் பின் ஒரு காலையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தபோது என் வலது கண்ணின் ஓரத்தில் கறுப்பாக ஒன்று இறங்கியது. ஜன்னல் சீலையை யாரோ மெதுவாக இழுத்து மூடுவதுபோல் இருந்தது. விழித்திரை கழன்றுவிட்டது என்றார்கள். கொழும்பில் சத்திரசிகிச்சை செய்தார்கள். பிறகு பல நாட்கள் குப்புறப் படுத்திருக்க வேண்டும் என்றார்கள். அப்படிக் கிடந்த நாட்களில் மனைவியின் முகத்தை நான் பார்க்கவில்லை. கட்டிலின் பக்கத்தில் வந்து நிற்கும் அவளுடைய பாதங்கள் மட்டும் மங்கலாகத் தெரியும்.

அந்தப் பாதங்கள் ஒருநாள் சொன்னன:

“கண் சுகமாய் வந்தால் தேரண்டைக்கு அடியழிக்கிறன் எண்டு அம்மாளாச்சிக்கு நேர்த்தி வைச்சிட்டன்.”

“இந்த வயதிலையோ? உமக்கென்ன விசரோ?”

“கண் உங்கடை. முழங்கால் என்ரை. நீங்கள் பேசாமல் கிடவுங்கோ.”

அம்மாளாச்சி எங்கள் ஊர் அம்மன். அடியழித்தல் எங்கள் பக்கத்துப் பெண்கள் தேர்த் திருவிழாவில் செய்யும் நேர்த்திக்கடன். ஆண்கள் தேருக்குப் பின்னால் உருண்டு பிரதட்டை செய்வார்கள். பெண்கள் ஓரடி வைத்து, முழங்காலில் இருந்து, இரண்டு கைகளையும் முன்னே நீட்டி மண்ணில் ஊன்றி, நெற்றி நிலத்தில் பட வணங்கி எழும்புவார்கள். பிறகு அடுத்த அடி. இப்படியே கோயிலின் நான்கு வீதியையும் சுற்றித் தேர் போகும் வழியெல்லாம் போக வேண்டும். முழுகித் தோய்ந்த ஈரத்தோடு, விடியலிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் செய்வார்கள். வெயில் ஏறினால் மண் சுடும்.

என் கண் சுகமாக வந்தது. முழுப் பார்வை இல்லை, ஆனாலும் போதும். லண்டனில் இருக்கும் மகள் என்னைப் பார்க்க வரும்போது என்ன வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டாள். கமரா என்றேன். இளமையில் ஆசைப்பட்டு, வாங்க முடியாமல் போன பொருள். அவள் சிறியதொன்றைத்தான் சொன்னாள். நான் விடவில்லை. பெரிய கண்ணாடிதான் ஒளியை அள்ளும் என்று, முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் நிற்பதுபோல் அவளுக்குப் பாடம் எடுத்தேன். முடிவில் அவள் ஒரு பெரிய கமரா, இரண்டு லென்ஸ், மூன்றுகால் ஸ்ராண்ட், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கறுப்புப் பை என்று கொண்டுவந்து இறக்கினாள். லென்ஸில் ஒன்று என் முழங்கையளவு நீளம்.

“கைக்குழந்தை மாதிரி இருக்கப்பா. விமானத்திலை மடியிலை வைச்சுக்கொண்டுதான் வந்தனான்,” என்றாள் மகள்.

மனைவி பையை ஒருதரம் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தாள். “பிள்ளையெண்டால் வளர்ந்து இறங்கி நடக்கும். உது ஒருநாளும் இறங்காது போலை கிடக்கு.”

எல்லோரும் சிரித்தோம்.

கண் டொக்டர் சில கிழமைகளுக்குப் பாரம் தூக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அதனால்தான் முதலில் பை அவள் தோளுக்குப் போனது. அதில் பிழை இல்லை. அந்தக் கிழமைகள் முடிந்தன. டொக்டர் இனி ஒரு தடையும் இல்லை என்று சொன்னபோது அவள் பக்கத்தில் இருக்கவில்லை. நான் வீட்டுக்கு வந்து அதை அவளுக்குச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்து மறைத்தேன் என்றும் சொல்ல முடியாது. பாரமில்லாமல் நடப்பது சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தை நானாக எழும்பிப்போய்க் கெடுக்க விரும்பவில்லை.

விடிய வெளிக்கிட்டு ஸ்கூட்டரில் அரியாலைப் பக்கம் கடல்நீரேரிக்குப் போவோம். நான் ஓட்டுவேன். அவள் பின்னால் ஒருபக்கமாக இருப்பாள். பை அவளுடைய வலது தோளில், ஸ்ராண்ட் மடியில் குறுக்காக. பூநாரைகள் வரும் காலத்தில் அவை கரையிலிருந்து வெகு தூரத்தில் நிற்கும். அதனால் நீள லென்ஸ் வேண்டும். திடீரென்று ஒரு கொக்கு கிட்ட வந்து இறங்கினால் சின்ன லென்ஸ் வேண்டும். ஒன்றைக் கழற்றி மற்றதைப் பூட்டும்போது கழற்றியதை வாங்கி மூடி போட்டு வைக்க இன்னொரு சோடிக் கைகள் வேண்டும். “அதைத் தாரும். இதைப் பிடியும். மூடியும், மண் பறக்குது,” என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். பார்வை பறவையில் இருக்கும். கையை மட்டும் பின்னால் நீட்டுவேன். கேட்டது கைக்கு வந்துவிடும்.

அங்கே தண்ணீருக்குள் இறால் பிடிக்கிறவர்களில் ஒருவர் எங்களைக் கண்டால் பகிடி விடாமல் போகமாட்டார்.

“அம்மா, அந்தக் கறுப்பு உறையுக்குள்ளை என்ன, துவக்கோ?”

“துவக்கெண்டால் ஒரு வெடியோடை வீட்டை போயிருப்பம் தம்பி. உவர் காலமை முழுக்கச் சுடுறார், ஒரு குருவியும் விழுகுதில்லை.”

அவள் அப்படித்தான் பேசுவாள். முகத்தில் சிரிப்பு வராது. கேட்டவர் தண்ணீருக்குள் நின்று குலுங்கிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே கையை நீட்டுவேன்.

அந்த வருடத் தேர் வந்தது. அவள் நேர்த்தி வைத்திருந்ததை நான் மறந்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். தேரன்று காலை அவள் விடியுமுன் எழும்பித் தோய்ந்து, ஈரத்தலையை முடிந்து, சேலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றாள். தேநீர்கூடக் குடிக்கவில்லை. எதற்காக என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் பையை எடுத்து அவள் தோளில் மாட்டினேன்.

“வடம் பிடிக்கிறதை மட்டும் எடுத்துப்போட்டு உம்மை விடுறன்,” என்றேன்.

அவள் பையின் வாரைத் தோளில் சரிசெய்துகொண்டு நடந்தாள்.

வடம் பிடிப்பதை எடுத்தேன். பிறகு தேர் தெற்கு வீதிக்குத் திரும்புவதை எடுக்க வேண்டியிருந்தது. சனத்துக்கு மேலாக முழுத்தேரும் தெரிய வேண்டும் என்றால் சின்ன லென்ஸ். அம்மனின் அலங்காரம் தெரிய வேண்டும் என்றால் நீள லென்ஸ். தேங்காய் உடைக்கும் இடத்தில் தண்ணீர் தெறித்தது. வீதியில் புழுதி. “கொஞ்சம் பொறும், இந்த மூலையோடை சரி,” என்றேன். அந்த மூலைக்குப் பின் இன்னொரு மூலை. தேருக்குப் பின்னால் பெண்கள் விழுந்து எழும்பி வந்துகொண்டிருந்தார்கள். அவளுடைய வயதுக்காரரும் இருந்தார்கள். அவள் என் முதுகுக்குப் பின்னால் பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தேர் வீதி சுற்றி இருப்பிடத்துக்கு வந்து சேர்ந்தபோதுதான் நான் கமராவைக் கீழே இறக்கினேன்.

“வாற வருஷம் பாப்பம்,” என்றாள்.

நான் எதிர்பார்த்துப் பயந்த பேச்சு வரவில்லை. அதனால் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் அப்போது எனக்கு வந்தது நிம்மதிதான்.

அன்று எடுத்த படமொன்றைக் கோயில்காரர் அடுத்த வருடக் கலண்டரில் போட்டார்கள். தேர் நிமிர்ந்து நிற்கிறது. உச்சியில் கலசம் வெயிலில் பளபளக்கிறது. கீழே, சில்லுகளுக்குப் பின்னால், பெண்கள் வரிசையாக மண்ணில் குனிந்திருக்கிறார்கள். ஊரில் பல வீடுகளில் அது தொங்கியது. எங்கள் விறாந்தைச் சுவரிலும் ஆணியடித்து மாட்டினேன். வருகிறவர்களுக்கு அதைக் காட்டுவேன். மனைவி தேநீர் கொண்டுவந்து வைப்பாள்.

அடுத்த வருடம் அவள் கொஞ்சம் முன்னதாகவே சொன்னாள்.

“இஞ்சருங்கோ, இந்த முறை பையைத் தண்ணீர்ப்பந்தலிலை குடுத்து வைப்பம். தெரிஞ்ச பொடியள்தானே நிக்கிறாங்கள்.”

“அந்த லென்ஸை ஆரை நம்பிக் குடுக்கிறது?”

“அப்ப என்னை நம்பித்தான் தந்து வைச்சிருக்கிறியள். சந்தோசம்.”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அந்தத் தேருக்கும் அவள் தோய்ந்து வந்தாள். அந்தத் தேருக்கும் பை அவள் தோளில்தான் இருந்தது. அந்த முறை அவள் “வாற வருஷம்” என்றுகூடச் சொல்லவில்லை.

அதன் பிறகுதான் நான் சொல்ல வந்தது நடந்தது. கோயிலில் வேறொரு விசேடம். மாலை வேளை. அம்மன் வெளிவாசலுக்கு எழுந்தருளும்போது எதிரே நிற்கிற பெண்கள் எல்லோரும் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே கூப்புவார்கள். அந்தக் கைகளின் வரிசையை எடுக்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. அன்று ஒரே லென்ஸ் போதும் என்றபடியால் பையை என் காலடியில் வைத்துக்கொண்டு மதில் ஓரமாக நின்றேன். அவளைப் “போய்க் கும்பிடும்” என்று அனுப்பினேன். ஏதோ பெரிய தயவு செய்வதுபோல.

இரவு சாப்பாட்டுக்கு முன் படங்களைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். வெளிச்சம் நன்றாக வந்திருந்தது. கைகள் எல்லாம் ஒன்றுபோல் மேலே போயிருந்தன. ஒரு இடத்தில் மட்டும் வரிசை உடைந்து கிடந்தது. ஒரு மனுசி கைகளை நெஞ்சுக்கு மேல் தூக்கவில்லை. படம் கெட்டுவிட்டதே என்று எனக்கு எரிச்சல் வந்தது. யார் இந்த மனுசி, எல்லாரும் தூக்கும்போது இவவுக்குத் தூக்க என்ன என்று நினைத்துக்கொண்டே அந்த இடத்தைப் பெரிதாக்கினேன்.

அது என் மனைவி.

குசினிக்குப் போனேன். அவள் அடுப்படியில் நின்று இடது கையால் கறியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். அவள் இடது கையால் கிண்டுவதை நான் முன்பும் பார்த்திருக்க வேண்டும். கொடியில் உடுப்பு விரிக்க அவள் ஒரு முக்காலியில் ஏறுவதையும் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்கவில்லை.

“வலது கையை ஒருக்கா மேலை தூக்கும் பாப்பம்,” என்றேன்.

“ஏன்? வகுப்பிலை கேள்வி கேக்கிறியளோ?”

“தூக்கும்.”

தூக்கினாள். தோள்மட்டத்துக்குச் சற்றுக் கீழே கை நின்றுவிட்டது. அதற்கு மேல் கொண்டுபோகத் தோள் முழுவதையும் காதுவரை உயர்த்தினாள். கை ஏறவில்லை.

“எவ்வளவு நாளாய்?”

“கொஞ்ச நாளாய்.” கறியை இறக்கி வைத்தாள். “கனநாளாய்.”

ஆஸ்பத்திரியில் தோள்மூட்டு இறுகிப்போய்விட்டது என்றார்கள். சீனி வருத்தக்காரருக்கு, அதாவது நீரிழிவு உள்ளவர்களுக்கு, அப்படி வருவதுண்டு, அவளுக்கும் சீனி இருக்கிறது, பயிற்சி செய்தால் மெல்ல மெல்ல இளகலாம், முழுதாக இளகும் என்று சொல்ல முடியாது என்றார் டொக்டர். பாரம் தூக்குவதுண்டோ என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அவள், “வீட்டு வேலைதான் டொக்டர்,” என்றாள்.

அன்று மாலை மகளோடு தொலைபேசியில் கதைத்தபோதும் அவள் அதையே சொன்னாள். “சீனியாலை வந்ததெண்டுதான் டொக்டர் சொன்னவர். கமராப் பை எண்டு அவர் சொல்லேல்லை.” மகள் அதற்கு என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. நான் கேட்டுக்கொள்ளாமலே மனைவி எனக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தாள். சீனியால்தான் வந்திருக்கலாம். பௌதிகவியல் படித்தவன் நான். காரணம் தெரியாமல் காரணம் சொல்லக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் தோளை நான் கெடுத்தேனா இல்லையா என்பது ஒருபக்கம். அந்தத் தோள் நன்றாக இருந்த இரண்டு தேர்களிலும் அவளை மறித்து வைத்திருந்தது நான். அதற்கு வேறு காரணம் தேட முடியாது.

அடுத்த கிழமை பெரிய பையை நானே தூக்கிக்கொண்டு பஸ்ஸில் யாழ்ப்பாணம் போனேன். ஸ்கூட்டரில் தனியாக அதைக் கொண்டுபோக முடியவில்லை. ரவுண் கடைத்தெருவில் எனக்குத் தெரிந்த கமராக் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். தொண்ணூறில், யுத்த காலத்தில், முஸ்லிம் சனம் எல்லோரையும் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றியபோது குடும்பத்தோடு புத்தளத்துக்குப் போய், பல வருடங்களின் பின் திரும்பி வந்து கடை திறந்தவர். பஸ் நிலையத்திலிருந்து அவருடைய கடைக்கு நடக்கும் தூரம் அதிகமில்லை. அதற்குள் பையின் வார் என் தோளை அறுத்தது. இரண்டு இடத்தில் இறக்கி வைத்து நின்றேன்.

இதைத் தந்துவிட்டுச் சின்னக் கமரா ஒன்று வேண்டும் என்றேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.

“சேர், பென்ஸ் காரைக் குடுத்துப்போட்டுச் சைக்கிள் கேக்கிறியள்.”

“சைக்கிளைத் தனிய ஓடலாம்.”

“அப்ப இவ்வளவு நாளும் டிரைவர் ஆர் சேர்?”

அவர் பகிடியாகத்தான் கேட்டார். நான் பையைத் திறந்து லென்ஸ்களை மேசையில் எடுத்து வைத்தேன். அவர் மேலே கேட்காமல் கண்ணாடி அலுமாரியைத் திறந்தார்.

மூன்று கமராக்களை எடுத்து வைத்தார். ஒன்று சின்னதாக இருந்தாலும் லென்ஸ் நீண்டு வெளியே வந்து தூரத்தில் உள்ளதை இழுத்தது. ஆனால் வெளிச்சம் குறைந்த இடத்தில் படம் சேறுபோல் வந்தது. அடுத்தது அழகானது, படமும் துப்புரவாக வந்தது. ஆனால் கண் வைத்துப் பார்க்க இடமில்லை, பின்பக்கத் திரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். கடைவாசலில் வெயிலுக்குள் கொண்டுபோய்ப் பார்த்தேன். என் கண்ணுக்குத் திரையில் என் முகம்தான் தெரிந்தது. மூன்றாவதுக்குக் கண் வைக்க ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. லென்ஸ் ஒன்றேயொன்று. கழற்ற முடியாது. தூரத்தை இழுக்கவும் முடியாது.

“இதிலை பூநாரையை எடுத்தால் சேர், உளுந்தம்பருப்பு மாதிரித்தான் வரும்,” என்றார். “கிட்டப் போக வேணுமெண்டால் நடந்துதான் போகவேணும்.”

“லென்ஸ் மாத்த ஏலாதுதானே?”

“ஏலாது சேர். அதைத்தான் குறையெண்டு சொல்லுறன்.”

அதையே வாங்கினேன். லென்ஸ் மாற்ற முடியாத கமராவுக்குப் பின்னால் யாரும் நின்று கை நீட்ட வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்து குசினி மேசையில் பெட்டியை வைத்தேன்.

“என்ன, மருந்தோ?” என்றாள்.

“கமரா.”

“பெரியது எங்கை?”

“குடுத்துப்போட்டன். கழுத்து நோகுது.”

“உங்கடை கழுத்திலை அது எப்ப தொங்கினது?”

இவ்வளவு பெரிய வேலை செய்துவிட்டு வந்தும் முதலில் என் வாயில் வந்தது பொய்தான். பிறகுதான், “உம்மடை கைக்காகத்தான்,” என்றேன். கண் டொக்டர் தடையில்லை என்று எப்போதோ சொல்லிவிட்டதையும் சொன்னேன். தேரன்று அவள் எதற்குத் தோய்ந்து நின்றாள் என்று எனக்கு இரண்டு வருடமும் தெரியும் என்றேன்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அந்தச் சின்னப் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“உது போன வருஷம் கடையிலை இருக்கேல்லையோ?”

“இருந்தது.”

“அதுக்கு முந்தின வருஷம்?”

“இதைப்போலை ஒண்டு இருந்திருக்கும்.”

“ம்.”

பெட்டியை மேசையில் வைத்துவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். அன்றும் அடுத்த நாளும் அவள் என்னோடு தேவைக்கு மேல் கதைக்கவில்லை. அவள் ஏசியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லித் தப்பியிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த பயிற்சி இது: சுவருக்கு முன்னால் நின்று, வலது கை விரல்களைச் சுவரில் வைத்து, சிலந்தி ஏறுவதுபோல விரல்களால் மேலே மேலே ஏற வேண்டும். நோகிற இடத்தில் நிறுத்தி, கொஞ்சம் பொறுத்து, இறக்க வேண்டும். விறாந்தையில் ஒரு வெறுஞ்சுவர்தான் இருந்தது, கலண்டர் தொங்கிய சுவர். வருடம் முடிந்தும் தேர்ப்படத்துக்காக நான் அதைக் கழற்றவில்லை. அவள் காலையும் மாலையும் அதன் முன்னால் நின்று விரலால் ஏறினாள். முதலில் கலண்டரின் அடிவிளிம்பைத் தொட முடியவில்லை. பிறகு திகதிக் கட்டங்களுக்குள் வந்தாள். மழைக்காலம் முடிய, படத்துக்குள் வந்து, மண்ணில் குனிந்திருந்த பெண்களைத் தொட்டாள். அங்கே வெகுநாள் நின்றாள். பிறகு சில்லு. நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். நோவில் அவள் பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்கும்.

“கழற்றட்டோ உதை?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கிடக்கட்டும். எவ்வளவு ஏறினனெண்டு தெரியுதுதானே.”

தேர் நெருங்கியபோது விரல்கள் தேரின் குதிரைகள்வரை வந்திருந்தன. கலசம் இன்னும் தூரம். இந்த முறை அடியழிக்கப் போகிறேன் என்றாள்.

“ஐயரிட்டைக் கேட்டு வேறை ஏதும் நேர்த்தியாய் மாத்தலாமோ? ஒரு அபிஷேகம்...”

“நேர்த்தி வைச்சது நான். ஐயரில்லை.”

“விழுந்தால் எழும்பக் கை ஊன்ற ஏலாதெல்லோ.”

“எழுப்பிவிட ஒராள் வேணும்,” என்றாள். யாரையும் பெயர் சொல்லிக் கேட்கவில்லை.

தேரன்று அவள் தோய்ந்து வந்து முற்றத்தில் நின்றாள். எங்கள் கோயிலுக்கு ஆண்கள் மேற்சட்டை இல்லாமல்தான் போவோம். சட்டைப் பை இல்லாதபடியால் சின்னக் கமராவை வேட்டி மடிக்குள் செருகிக்கொண்டேன். அவளுடைய தண்ணீர்ப் போத்தல், துவாய், கைப்பை மூன்றும் என் தோளில்.

தேர் அசைந்ததும் பெண்கள் பின்னால் இறங்கினார்கள். நானும் அவர்களுக்குள் இறங்கினேன். வேறு ஆண்கள் இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு மனுசி உரத்துச் சொன்னாள்:

“சேர், பிரதட்டைக்காரர் அந்தப் பக்கம். இது பொம்பிளையளின்ரை இடம்.”

“உவர் படம் எடுக்க வந்தவராக்கும்,” என்றாள் இன்னொருத்தி. “விலகுங்கோ, முந்தியும் எங்களைப் பின்பக்கத்தாலைதான் கலண்டரிலை போட்டவர்.”

“இந்த முறை அவர் எனக்கு ஸ்ராண்ட்,” என்றாள் என் மனைவி.

சிரிப்புக்குள் தேர் நகர்ந்தது. அவள் ஓரடி வைத்து முழங்காலில் இருந்தாள். இடது கை நீண்டு மண்ணைத் தொட்டது. வலது கை அரைவாசியில் நின்றது. அது போகக்கூடிய தூரம் அவ்வளவுதான். நெற்றியை மண்ணில் வைத்தாள். நான் இடது கமக்கட்டுக்குள் கை கொடுத்துத் தூக்கினேன். அவள் எழும்பினாள். அடுத்த அடி. என் முதுகு முறிந்தது. இரண்டு தேர்களில் நான் இந்தப் பெண்களைக் கமராவுக்குள்ளால் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறை எழும்பும்போதும் அவர்களுக்கு இப்படி மூச்சு வாங்கும் என்பது அந்தக் கண்ணாடிக்குள்ளால் தெரியவில்லை.

தெற்கு வீதிக்குள் திரும்பும்போது எங்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள். வெயில் ஏறியது. துவாயை நனைத்து அவள் முகத்தைத் துடைத்தேன். தெற்கு வீதியின் முடிவில், மேற்கு வீதிக்குத் திரும்பும் மூலையில், அவள் விழுந்தவள் எழும்பவில்லை. நான் பயந்துபோனேன். குனிந்து பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது.

“ஏலாதோ?”

“ஏலாது,” என்றாள் மண்ணில் முகத்தை வைத்தபடியே. “போதும். தூக்குங்கோ.”

அங்கிருந்த தண்ணீர்ப்பந்தலில் ஒரு கதிரை தந்தார்கள். இருத்தினேன். மோர் கொடுத்தார்கள். விரதத்தை நினைத்து அவள் வாங்கவில்லை. தேர் மேற்கு வீதியில் போய்க்கொண்டிருந்தது, அதன் உச்சி மட்டும் மரங்களுக்கு மேலே தெரிந்தது. இன்னும் இரண்டு வீதி கிடந்தது. அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியிலும் மூக்கிலும் மண். அவள் அழுவாள் என்று நினைத்தேன்.

“மிச்சம் வாற வருஷம்,” என்றாள்.

அந்தச் சொல்லை முதலில் கேட்டபோது நான் நிம்மதிப்பட்டேன். இப்போது கேட்டபோது, இரண்டு பேருக்கும் வயது எங்கே வந்து நிற்கிறது என்றுதான் நினைத்தேன். எழுபதை நெருங்கும் மனுசிக்கு ஒரு வருடத்தில் தோள் எவ்வளவு இளகும், முழங்கால் எவ்வளவு இறுகும் என்று எனக்குத் தெரியாது. அந்த இரண்டு தேர்களில் ஒன்றை நான் விட்டிருந்தாலே அவள் நான்கு வீதியையும் முடித்திருப்பாள்.

“கமரா கொண்டு வந்தனீங்களோ?”

“ஓம்.”

“அந்த இடத்தை ஒருக்கா எடுங்கோ.”

“எந்த இடத்தை?”

“நான் விட்ட இடத்தை. லைற் போஸ்ற்றும் தெரிய எடுங்கோ. வாற வருஷம் அதிலையிருந்து துடங்கவேணும். எவடத்திலை விட்டனெண்டு அம்மாளாச்சிக்குத் தெரியும். எனக்குத் தெரிய வேண்டாமோ?”

மடியிலிருந்து கமராவை எடுத்தேன். லென்ஸைப் பற்றி யோசிக்க ஒன்றும் இல்லை. நடந்து கிட்டப் போனேன். மண்ணில் அவளுடைய இரண்டு முழங்கால் பள்ளங்கள் இருந்தன. இடது உள்ளங்கை முன்னால் நீளமாக, வலது உள்ளங்கை அதற்குப் பின்னால், உடம்போடு ஒட்டி. நெற்றி பட்ட இடத்தில் ஒரு சின்ன ஈரம். ஒரு ஓரத்தில் லைற் போஸ்ற்றின் அடி. வீதி கூட்டுகிறவர்கள் விளக்குமாறோடு தூரத்தில் வந்துகொண்டிருந்தார்கள். ஒரு படம் எடுத்தேன். போதாதென்று நினைத்து இன்னும் கொஞ்சம் குனிந்து மற்றொன்று எடுத்தேன்.

கொண்டுவந்து அவளிடம் கொடுத்தேன். அவள் திரைக்கு மேல் இடது கையைக் குடைபோல் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

“மண்தான் தெரியுது.”

“போஸ்ற் தெரியுது பாரும், ஓரத்திலை.”

கண்ணைச் சுருக்கி இன்னொருதரம் பார்த்தாள். “ஓம்,” என்றாள். “உதை அழிச்சுப்போடாதேங்கோ.”

பிறகு எழும்புவதற்காக இடது கையை நீட்டினாள். நான் கமராவை மடிக்குள் வைத்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்தேன்.